‘பெல்ஜியம் கண்ணாடி’ எல்லாம் பெல்ஜியத்திலிருந்து வந்ததா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கண்ணாடியைப் பற்றியது. முகம் பார்க்கிற கண்ணாடி மட்டும் இல்லை. பூச்சாடி, பழத்தட்டு, ஒயின் கோப்பை, கூடத்தில் தொங்குகிற லஸ்தர் விளக்கு, அலமாரிக்குள்ள பத்திரமா வெச்சிருக்கிற பன்னீர்ச் செம்பு, எல்லாமேதான்.

புதுச்சேரியில் பழைய சாமான் விற்கிற கடைக்குள்ள போய் இதில் எதைக் கையில் எடுத்தாலும் ஒரு வார்த்தை காதில் விழும்: “பெல்ஜியம் சார்.” வாங்க வந்தவர் கொஞ்சம் விவரமானவர் மாதிரி தெரிஞ்சா அதே சாமான் “பக்காரா” ஆகிடும். அதே சாமான் ஒரு வீட்டில் இருந்தா, “எங்க தாத்தா பிரான்ஸ்ல இருந்து கொண்டு வந்தது” என்பார்கள்.

மூணு பதிலுமே உண்மையா இருக்கலாம். மூணுமே தப்பாவும் இருக்கலாம். ஒரு பழைய ஐரோப்பியக் கண்ணாடிச் சாமானைப் பார்த்து, இது எந்த நாடு, எந்த ஆலை, எந்தக் காலம் என்று எப்படிச் சொல்றது? இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். இருக்கு. பாகம் பிரிக்கிறப்போ, பழைய வீட்டை இடிக்கிறப்போ, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்புறப்போ, இந்தக் கேள்விக்கு நாம என்ன பதில் வெச்சிருக்கோமோ அதை வெச்சுத்தான் அந்தச் சாமானோட கதி முடிவாகுது. சட்டமும் இதுக்குள்ள வருது, அதைக் கடைசியில் சொல்றேன்.

அந்தப் பேர் எப்படி வந்தது

முதல்ல “பெல்ஜியம்” என்ற சொல்லுக்கு நியாயம் செய்வோம். அது சும்மா வந்த பேர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் ஷார்லரோவா பகுதி தட்டைக் கண்ணாடிக்குப் பேர்போன இடம். ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடித் தகடு அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. செட்டிநாட்டு வீடுகளில் ஆள் உயரத்துக்கு நிற்கிற முகக் கண்ணாடிகளை இன்னைக்கும் பெல்ஜியம் கண்ணாடி என்றுதான் சொல்கிறோம். இதோட, லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் செராங் என்ற ஊரில் 1826-இல் தொடங்கின வால் சேன் லாம்பேர் என்ற ஆலை, கிரிஸ்டல் கோப்பைகளையும் ஜாடிகளையும் செய்து பல நாடுகளுக்கு அனுப்பியது. ஆக, பெல்ஜியத்துக்கு உண்மையான பேர் இருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன மாதிரி, நகல் எடுக்கிறதெல்லாம் ஜெராக்ஸ் ஆன மாதிரி, கனமா, பளபளன்னு, பழசா இருக்கிற கண்ணாடி எல்லாமே பெல்ஜியம் ஆயிடுச்சு. தட்டைக் கண்ணாடிக்கு வந்த பேர் தொங்கும் விளக்குக்கும் பூச்சாடிக்கும் தாவிவிட்டது. கடைக்காரர் “பெல்ஜியம்” என்று சொல்லும்போது அவர் பொய் சொல்றார்னு நான் நினைக்கலை. அவர் அகராதியில் அதுக்கு “நல்ல பழைய கண்ணாடி” என்று அர்த்தம். அந்தச் சொல் தரத்தைச் சொல்லுது. பிறந்த ஊரைச் சொல்லலை.

எந்த வழியா வந்தது

நம்ம ஊருக்குக் கண்ணாடி வந்த வழி ஒண்ணு இல்லை. இதைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

புதுச்சேரிக்குப் பெரிய கப்பல் கரை தொடுகிற துறைமுகம் இருந்ததில்லை. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும்; சரக்கு படகில் ஏறிக் கரைக்கு வரும். 1866-இல் கட்டின இரும்புப் பாலம் 1952 புயலில் சேதமாகிற வரைக்கும் பயன்பட்டது. இன்னைக்கும் கடற்கரைச் சாலையில் நின்றால் அதோட தூண்கள் தண்ணியில் நிற்கிறதைப் பார்க்கலாம்.

அந்தப் பாலம் வழியாகப் பிரெஞ்சு அதிகாரிகளின் வீட்டுச் சாமான் வந்தது. இது எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. இரண்டாவது வழியை நாம அடிக்கடி மறந்துடறோம்: சைகோன். பிரெஞ்சு அரசாங்க வேலையிலும் ராணுவத்திலும் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போன புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் ஏராளம். ‘சொல்தா’ குடும்பங்கள் என்று ஊரில் சொல்லுவோமே, அவங்க திரும்பி வரும்போது அங்கே பிரெஞ்சுக் கடைகளில் வாங்கின சாமானையும் கொண்டு வந்தாங்க. அதனால “பிரான்ஸ்ல இருந்து வந்தது” என்று ஒரு பாட்டி சொன்னா, அது பிரான்ஸில் செய்ததா இருக்கலாம், ஆனா வாங்கினது சைகோனில் என்று இருக்கலாம்.

மூன்றாவது வழி, பிரிட்டிஷ் இந்தியா. பர்மிங்ஹாமில் இருந்த ஆஸ்லர் கம்பெனி 1851 லண்டன் கண்காட்சியின் நடுவில் கிரிஸ்டல் நீரூற்று வைத்து உலகப் புகழ் பெற்றது. அவர்களுக்குக் கல்கத்தாவில் விற்பனைக் கூடமே இருந்தது. ஜமீன்களுக்கும் அரண்மனைகளுக்கும் விளக்கு விற்றார்கள். அந்த விளக்குகள் கை மாறி எங்கே வேணும்னாலும் போயிருக்கும்.

நான்காவது வழி, சாதாரண பஜார் சரக்கு. இதில்தான் பொஹீமியா வருது. இன்றைய செக் நாட்டின் பகுதி. முதல் உலகப் போர் வரைக்கும் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் கீழ் இருந்தது. நம்ம பாட்டிமார் போட்ட கண்ணாடி வளையல், பாசிமணி இவற்றில் பெரும்பங்கு அங்கே காப்லோன்ஸ் என்ற ஊரைச் சுற்றிச் செய்தது. இப்போ அந்த ஊர் பேர் யாப்லோனெட்ஸ். போர் வந்ததும் ஆஸ்திரியச் சரக்கு நின்றது. அந்த இடத்தை ஜப்பான் பிடித்தது. வளையல் வந்த அதே வியாபார வழியில் பூச்சாடியும் விளக்குக் கூண்டும் வந்தன. விலை குறைவு, வண்ணம் அதிகம், தங்க முலாம் கோடு போட்டிருக்கும். இந்த வகைச் சாமானை “பிரெஞ்சு” என்று கூப்பிடறதை நான் நிறைய வீடுகளில் கேட்டிருக்கேன். பிரெஞ்சு ஊரில் இருந்த ஒரே காரணத்தால் அதுக்குக் கிடைச்ச பேர் அது.

டிசைன் ஒண்ணு, ஆலை பல

சரி, டிசைனைப் பார்த்துக் கண்டுபிடிச்சுடலாமே? இணையத்தில் படம் போட்டுத் தேடினா வந்துடாதா? வரும். பத்து பதில் வரும், பத்தும் வேற வேற.

ஒரு நல்ல உதாரணம் ‘ஜேகோபியன்’ என்ற டிசைன். 1920-களில் இங்கிலாந்தில் கிளேட்டன் மேயர்ஸ் என்ற வியாபாரி இந்தப் பேரில் விற்றார். அச்சில் அழுத்திச் செய்த கோப்பை, கிண்ணம், ஜாடி என்று முழு வரிசை. பேரைக் கேட்டா பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசர் காலம் மாதிரி இருக்கும். செய்தது யார்? ஒரு பகுதி செக்கோஸ்லோவாகியாவில் இன்வால்ட் என்ற ஆலை. அதே டிசைனை இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் ஊரில் டேவிட்சன் என்ற ஆலையும் செய்தது. பேர் ஆங்கிலம், கடை ஆங்கிலம், ஆலை ரெண்டு நாட்டில். இப்போ டிசைனை மட்டும் பார்த்து நாடு சொல்லுங்க, பார்க்கலாம்.

இன்னொண்ணு, முறுக்கு வரி. சந்தன நிறத்தில் தொடங்கி ரோஜா நிறத்துக்குப் போகிற, திருகின மாதிரி வரி போட்ட கிளாஸ், பவுடர் டப்பா, வாசனைத் தைலக் குப்பி. இது பக்காராவின் புகழ்பெற்ற டிசைன். நல்லா விற்றதால வேற ஆலைகளும் திருகின வரி போட்டன. ஆக, முறுக்கு வரி இருந்தா “பக்காராவா இருக்கலாம்”. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இதுக்கு மேல ஒரு சிக்கல். கண்ணாடியை ஊதுகிற ஆலை ஒண்ணு, அதன் மேல் வெட்டி, வரைந்து, முலாம் பூசுகிற பட்டறை வேறொண்ணு. பொஹீமியாவில் ஹைடா, ஷ்டைன்ஷோனௌ போன்ற ஊர்களே இந்த மேல்வேலைக்குப் பேர் போனவை. வேற ஊரில் ஊதின வெறும் ஜாடியை வாங்கி வந்து பூ வரைந்து விற்பார்கள். நம்ம காஞ்சிபுரத்தில் நூல் ஒரு ஊர், சரிகை ஒரு ஊர், நெசவு ஒரு ஊர் என்கிற மாதிரி. அங்கே “எந்த ஆலை” என்ற கேள்விக்கே ரெண்டு பதில் வரும்.

உடம்பைப் பாருங்க

அதனால டிசைனை விட முதல்ல சாமானோட உடம்பைப் பார்க்கணும். எப்படிச் செய்தாங்க என்பதைக் கண்ணாடி மறைக்காது.

பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய கோடு ஓடுதா? அது அச்சு சேர்ந்த கோடு. அச்சில் ஊதினாலும் வரும், அச்சில் அழுத்தினாலும் வரும். உள்பக்கம் விரல் விட்டுத் தடவுங்க. வெளியே மேடு இருக்கிற இடத்தில் உள்ளே பள்ளம் இருந்தா அச்சுக்குள் ஊதினது. உள்ளே வழவழன்னு சமமா இருந்தால், பெரும்பாலும் அழுத்தினது.

அடுத்தது, வெட்டு. பட்டை பட்டையா வெட்டின டிசைன் இருந்தா, அந்த விளிம்பில் விரலை வையுங்க. சக்கரத்தில் வெட்டினது கூர்மையா இருக்கும், கையைக் கொஞ்சம் பிடிக்கும். அச்சில் வந்த ‘வெட்டு’ மழுங்கலா, சோப்பு தேய்ந்த மாதிரி இருக்கும். இந்த ஒரு சோதனையிலேயே ‘கட் கிளாஸ்’ என்று சொல்லி விற்கிறதில் நிறைய கழிஞ்சு போகும்.

மூணாவது, மங்கலான பூவேலை. சக்கரத்தில் கீறினது என்றால் கோட்டோட ஆழம் இடத்துக்கு இடம் மாறும். கை ஏறி இறங்கினது தெரியும். அமிலத்தில் அரித்தது என்றால் எல்லா இடமும் ஒரே ஆழம், ஒரே மங்கல். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமில வேலை பரவினதால்தான் அவ்வளவு நுணுக்கமான டிசைன் அவ்வளவு மலிவாக வர முடிந்தது.

நாலாவது, அடிப்பாகம். ஊதின சாமானை இரும்புக் கம்பியிலிருந்து உடைத்து எடுத்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். நல்ல ஆலை அதைத் தேய்த்து மெருகேற்றிவிடும், ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டப் பள்ளம் தெரியும். கூடவே, உண்மையா பல வருஷம் மேஜையில் இருந்த சாமானின் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறா இருக்கும். ஒரே திசையில் இணையா கீறல் இருந்தா, யாரோ உப்புத்தாளில் தேய்த்திருக்காங்க.

முகக் கண்ணாடிக்குத் தனி சோதனை இருக்கு, அதுக்கு நம்ம மொழியே துணை. ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோம் இல்லையா? அந்த ரசம், பாதரசம். பழைய முறையில் வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசம் விட்டு, அதைக் கண்ணாடியின் பின்னால் ஒட்டினாங்க. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வெள்ளி பூசும் முறை வந்து இதை ஓரங்கட்டியது. முறை போயிடுச்சு, தமிழில் சொல் மட்டும் நின்றுவிட்டது. பாதரசக் கண்ணாடியில் பிம்பம் கொஞ்சம் நீலச் சாம்பலா இருக்கும். கெட்டுப்போன இடத்தில் சின்னச் சின்னப் பொடி மினுமினுக்கும். வெள்ளி பூசினது கெட்டால் பழுப்பாகும், கறுக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய கண்ணாடியின் பின்பக்கத்தைச் சுரண்டாதீங்க. பாதரசம் நஞ்சு.

கையெழுத்து இருந்தா போதுமா?

இப்போ பெரும்பாலானவங்க முதல்ல தேடுகிற விஷயம்: அடியில் பேர் இருக்கா? பேர் இல்லாட்டி மட்டம் என்று நினைக்கிறாங்க. அப்படி இல்லை. பக்காரா தன் எல்லாச் சாமானிலும் அமிலத்தில் முத்திரை பதிக்க ஆரம்பித்தது 1936-இல்தான். அதுக்கு முன்னால் பெரும்பாலும் காகித லேபிள். நம்ம ஊர் ஈரக்காற்றில், ரெண்டு தடவை புளி போட்டுக் கழுவினா காகித லேபிள் என்ன ஆகும்? சில அச்சுச் சாமானில் மட்டும் பேர் எழுத்து மேடாக வந்திருக்கும். அதனால நல்ல பழைய பக்காராவில் பேரே இல்லாமல் இருக்கலாம்; பேர் தெளிவா இருக்கிறது புதுசா இருக்கலாம்.

லாலிக் இதுக்கு நேர் எதிர். ரெனே லாலிக் 1945-இல் இறந்தார். அவர் இருந்த வரைக்கும் பேருக்கு முன்னால் ‘ஆர்’ என்ற எழுத்து உண்டு. அதுக்குப் பிறகு செய்ததில் அந்த எழுத்து இல்லை, வெறும் லாலிக். ஒரே ஒரு எழுத்து விலையையே மாற்றிவிடும் என்பதால், பிந்தைய சாமானில் அந்த எழுத்தைச் சேர்த்து எழுதுகிற ஆட்களும் உண்டு.

எமில் காலே இன்னும் சுவாரசியம். பிரான்ஸின் நான்சி நகரத்துக்காரர், 1846-இல் பிறந்து 1904-இல் இறந்தார். ஒண்ணு மேல ஒண்ணா பல நிறக் கண்ணாடிப் படலம் வெச்சு, மேல் படலத்தை அமிலத்தில் அரித்து, கீழே பூவும் தும்பியும் மலையும் தெரிய வைத்தவர். அவர் இறந்த பிறகும் ஆலை நடந்தது. கொஞ்ச காலம் பேரோடு ஒரு சின்ன நட்சத்திரம் போட்டார்கள், அவர் இல்லை என்பதற்கு அடையாளமாக. இப்போ ருமேனியாவில் இதே பாணியில் செய்து, ‘டிப் காலே’ என்று எழுதி விற்கிறார்கள். ‘டிப்’ என்றால் அவங்க மொழியில் ‘மாதிரி’. அதில் ஒளிவுமறைவு ஒண்ணுமில்லை. ஆனா நடுவில் யாரோ அந்த மூணு எழுத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டால், காலே மட்டும் மிஞ்சும். பேருக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் மங்கலா, தேய்ந்த மாதிரி ஒரு இடம் இருந்தா, இப்போ உங்களுக்குக் காரணம் தெரியும்.

நாட்டுப் பேர் இருந்தால் அது காலத்தைச் சொல்லும். செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால், அந்த நாடு பிறந்த 1918-க்கு முன்னால் இருக்க முடியாது. உங்க கொள்ளுத்தாத்தா 1900-இல் வாங்கினார் என்ற கதை அங்கேயே முடியுது.

நாடு மாறின ஆலைகள்

இவ்வளவு பார்த்த பிறகும் “இது பிரெஞ்சா, இல்லையா” என்ற கேள்வி சில நேரம் அர்த்தமே இல்லாமல் போகும். லொரேன் பகுதியை எடுத்துக்குவோம். 1871-இல் பிரான்ஸ் போரில் தோற்றதும் அந்தப் பகுதியில் ஒரு பாதி ஜெர்மனிக்குப் போனது. சேன் லூயி என்ற பெரிய கிரிஸ்டல் ஆலை இருந்த ஊரும் சேர்ந்து போனது. 1918 வரைக்கும் அங்கே செய்த ஒவ்வொரு கோப்பையும், சட்டப்படி பார்த்தால் ஜெர்மனியில் செய்தது. தொழிலாளி அதே ஆள், அச்சு அதே அச்சு.

இதை விட வினோதம் வலேரிஸ்தால், போர்த்தியு என்ற ரெண்டு ஆலைகளின் கதை. ரெண்டும் 1872-இல் ஒரே கம்பெனியாக இணைந்தன. வலேரிஸ்தால் எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில். போர்த்தியு இந்தப் பக்கம், பிரான்ஸில். கூட்டில் உட்கார்ந்த கோழியையே மூடியாக வைத்த டப்பா, பால்வெள்ளையிலும் நீலத்திலும் பார்த்திருக்கீங்களா? அந்த மாதிரிச் சாமான்களுக்குப் பேர்போன கம்பெனி அது. ஒரு கம்பெனி, ஒரு பேர், ரெண்டு தேசம்.

இதைப் புரிஞ்சுக்க உலகத்திலேயே நமக்குத்தான் சுலபம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுசா இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் எட்டு வருஷம் நம்ம ஊர் எந்த நாடு? ஒரே வீட்டில் அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி பிரெஞ்சுக் குடிமகன் என்று இருந்த ஊர் இது. மனிதர்களுக்கே அப்படி என்றால் கோழி டப்பாவை மட்டும் ஒரே கொடிக்குக் கீழே நிற்கச் சொல்றது நியாயமா?

அரிக்கமேடு சொல்லித் தந்த பாடம்

அப்போ எதை நம்புறது என்று கேட்பீங்க. அதுக்கு நம்ம ஊரிலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கு. அதுவும் ஐரோப்பியச் சாமானை அடையாளம் கண்ட கதைதான்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், புதுச்சேரி நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டில் கிடைத்தவை. அவற்றில் இத்தாலியின் அரெட்சோ நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சிவப்பு மெருகுப் பாண்டத்தின் சில்லும் இருந்தது. அந்தப் பாண்ட வகை எப்போ தொடங்கி எப்போ முடிந்தது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். 1945-இல் அரிக்கமேட்டில் தோண்டினார். குயவர் முத்திரை குத்தின சில்லுகளும், பக்கவாட்டில் வரி வரியா மேடு வைத்த ரோமானியக் கண்ணாடிக் கிண்ணத் துண்டுகளும் கிடைத்தன. அந்த மண் அடுக்கில் கூடவே கிடைத்த நம்ம ஊர்ப் பானைக்கும் அதனால் ஒரு காலம் கிடைத்தது. தென்னிந்தியாவில் எந்தப் பானை எந்த நூற்றாண்டு என்று கணக்குப் போட அது ஒரு அடிப்படையாச்சு. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டினார்கள். வீலர் சொன்னதை விடவும் ஊர் பழசு என்று தெரிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நூலகப் பெட்டியில் கிடந்த சில்லு ஒரு துப்பு மட்டும்தான். மண்ணுக்குள், அதன் அடுக்கில், பக்கத்துச் சாமான்களோடு கிடைத்த சில்லுதான் சாட்சி. அதே சில்லு, இடம் தெரியாமல் கடைக்கு வந்திருந்தால், யாருக்கும் எந்தக் காலத்தையும் சொல்லியிருக்காது.

நம்ம பழைய வீடுகளும் இப்படிப்பட்ட அடுக்குதான். வைசியாள் வீதியில் ஒரு வீட்டுக் கூடத்தில் தொங்குகிற விளக்கு, அந்தக் கொக்கி, அந்த விட்டம், அலமாரிக்குள்ள கிடக்கிற கடைச் சீட்டு, சைகோனில் எடுத்த குடும்ப போட்டோவில் மேஜை மேல் தெரிகிற பூச்சாடி, இவையெல்லாம் சேர்ந்திருக்கும்போது பிறப்பிடத்தை ஓரளவு உறுதியாச் சொல்லலாம். வீடு இடிகிற அன்னைக்கு விளக்கு ஒரு வண்டியில், காகிதம் எடைக்கு, போட்டோ குப்பைக்கு என்று போயிடுச்சுன்னா, மிச்சம் இருக்கிறது “பெல்ஜியம் சார்” மட்டும்தான்.

இடம் மாறாமல் இருக்கிற கண்ணாடிக்கு ஊரில் நல்ல உதாரணம் கோயில்கள். ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிற இருதய ஆண்டவர் பேராலயத்துக்குப் போங்க. 1907-இல் அர்ச்சிக்கப்பட்டது, 2011-இல் பசிலிக்கா ஆனது. புனிதர்களின் உருவம் வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைக் காலை வெயிலில் பார்க்கணும். பார்க்கும்போது புனிதரின் முகத்தோடு நிறுத்திடாதீங்க. பொதுவா ஐரோப்பிய ஜன்னல் பட்டறைகள் தங்கள் பேர், ஊர், வருஷத்தைக் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் போடும். காணிக்கை கொடுத்தவர் பேரும் அங்கேதான் வரும். எந்தக் கோயில் ஜன்னலானாலும் பழுது பார்க்கிறப்போ முதல்ல உடைந்து, முதல்ல மாற்றப்படுகிறதும் இந்தக் கீழ் ஓரம்தான். அதனால பழுது வேலை தொடங்கும் முன் கீழ் வரிசையை நெருக்கத்தில் போட்டோ எடுத்து வைக்கிறது பெரிய உபகாரம்.

நூறு வருஷக் கணக்கு

சட்டத்துக்கு வரேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், நூறு வருஷத்துக்குக் குறையாமல் இருக்கிற கலைப்பொருள், கைவினைப் பொருள்களைத் தொல்பொருள் என்ற வரையறைக்குள் கொண்டு வருது. தொல்பொருளைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.

நூறு வருஷம் என்றால் நமக்குச் சோழர் காலச் சிலை மாதிரி ஏதோ நினைப்பு வரும். கணக்குப் போட்டுப் பாருங்க. 1920-களில் லாலிக் செய்த பூச்சாடிகள் ஒவ்வொண்ணா இப்போ அந்தக் கோட்டைத் தாண்டிக்கிட்டு இருக்கு. காலே உயிரோடு இருந்தபோது செய்தது எல்லாமே தாண்டியாச்சு. “அது பிரெஞ்சுச் சாமான்தானே, பிரான்ஸுக்கே அனுப்பறேன்” என்று பாரிஸில் இருக்கிற மகளுக்குப் பெட்டி கட்டும் முன்னால், அது 1910-ஆ 1950-ஆ என்று தெரிஞ்சிருக்கணும். சந்தேகம் இருந்தால், தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு வாங்கிக்கலாம். அச்சுக் கோடும் அடித் தழும்பும் இங்கே வெறும் பொழுதுபோக்கு விஷயமா இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்

கடைசியா, செய்யக்கூடிய சில விஷயம். கழுவும் முன்னால் போட்டோ எடுங்க. லேபிள் ஒட்டியிருந்தா தண்ணியே காட்டாதீங்க. சாமானை அது இருக்கிற இடத்தோடு சேர்த்து ஒரு போட்டோ, அடிப்பாகம் ஒரு போட்டோ, பக்கத்தில் ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ. வீட்டில் மூத்தவங்க இருந்தா, “இது எந்த நாடு” என்று கேட்காதீங்க, அவங்களுக்கும் பெல்ஜியம்தான் வரும். “இதை முதல்ல எந்த வீட்டில் பார்த்தீங்க, எந்த அறையில் இருந்தது, யார் கொண்டு வந்தது, அவர் என்ன வேலையில் இருந்தார்” என்று கேளுங்க. அந்தப் பதிலை ஒரு சீட்டில் தேதி போட்டு எழுதி, சாமானுக்குள்ளேயே போட்டு வையுங்க.

அடுத்து ஆலைப் பட்டியல்கள். பழைய ஐரோப்பிய ஆலைகள் தங்கள் டிசைன்களை எண் போட்டுப் படத்தோடு புத்தகமா அச்சடிச்சு வியாபாரிகளுக்குக் கொடுத்தன. அவற்றில் பல இன்னைக்கு இணையத்தில் கிடைக்கும். உங்க சாமானை அதோடு ஒப்பிடும்போது பூவைப் பார்க்காதீங்க; உயரம், வாய் அகலம், அடி வடிவம், மூடியின் குமிழ் இவற்றை ஒப்பிடுங்க. பூவை யார் வேணும்னாலும் நகல் எடுக்கலாம், அச்சின் அளவு அவ்வளவு சுலபமா பொருந்தாது.

இவ்வளவு செய்தும் ஆலை தெரியலையா? “பொஹீமியாவா இருக்கலாம், 1900-1914, அச்சில் ஊதினது, கையால் முலாம், சைகோனில் இருந்து 1930-களில் வந்ததாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள்” என்று எழுதி வையுங்க. இது நல்ல பதில். எது பார்த்தது, எது ஊகம், எது கேட்டது என்று பிரிச்சு எழுதியிருக்கு. உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அங்கிருந்து தொடரலாம். “பெல்ஜியம்” என்று மட்டும் எழுதினால் அவர் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கணும்.

உங்க வீட்டில் இப்படி ஏதாவது இருந்தா போட்டோவோட அனுப்புங்க. பேர் இருக்கிற பக்கத்தை மட்டும் அனுப்பாதீங்க, அடிப்பாகமும் வேணும். அடுத்த எபிசோடில் தரைக்கு வரோம்: பழைய வீடுகளில் போட்ட வண்ண ஓடுகளின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கு என்று பார்ப்போம்.